தட்டில் கிடந்த திசைகாட்டிகள்

ஏரிக்கரைக் கடையில் அந்தச் சுற்றுலாக்காரர் சாவிக்கொத்துத் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா, ஆளுக்கு ஒரு பக்கம் காட்டுது? வடக்கு எதுன்னு இதுங்களே பஞ்சாயத்து வச்சு முடிவு பண்ணுமா?" ஒன்றும் வாங்காமல், சவாரிக்குக் கூப்பிட்ட குதிரைக்காரன் பின்னால் போய்விட்டார்.

கடைக்காரி அன்னக்கொடிக்கு மூக்கறுபட்டதுபோல் ஆயிற்று. ரூபாய்க் காசு அளவில் திசைகாட்டி வைத்த சாவிக்கொத்துகள். நேற்றுத்தான் மொத்த விற்பனைக் கடையில் எடுத்துவந்து, இடம் காணாமல் தட்டில் வரிசை வரிசையாக நெருக்கி அடுக்கியிருந்தாள்.

"பூராவும் பழுது. நாளைக்கே திருப்பிக் குடுத்துர வேண்டியதுதேன்" என்று கம்பளிக் குல்லாக்களிடம் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தமிழ்மதியிடம் சொல்லவில்லை. அவளோடு பேச்சை நிறுத்தி ரெண்டு நாளாகிறது.

பின்னே? மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம் படிக்கிற பெண், பெட்டியோடு வந்து இறங்கி, "படிச்சது போதும்மா, இனி கடையப் பாத்துக்கிறேன்" என்றால் எந்தத் தாய்க்கு நாக்கு எழும்?

கட்டம் கட்டமாக நிறுத்திய குட்டிக் காந்தங்கள், ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும், கடைசியில் எப்படி அடங்கும்? அதைக் கணினியில் கண்டுபிடிப்பதுதான் தமிழ்மதியின் ஆய்வு. ஒருமுறை ஓட்டினால் வரிசைக்கு வரிசை எதிரும் புதிருமாக நின்றன. மறுமுறை நாலு நாலாகச் சுழி போட்டுக்கொண்டன. "ஒரு கணக்குக்கு ரெண்டு விடையா? புரோகிராம் தப்பு. திங்கட்கிழமைக்குள்ள சரி பண்ணு, இல்லேன்னா விட்டுடு" என்றார் பேராசிரியர். பிழையைத் தேடித் தேடிக் கண் பூத்ததுதான் மிச்சம். தன் மண்டையில் சரக்கில்லை என்று முடிவு கட்டி பஸ் ஏறிவிட்டாள். நாளைக்குத் திங்கட்கிழமை.

அலுப்போடுதான் தட்டை மடியில் இழுத்து வைத்தாள். முட்கள் நின்ற விதம் எங்கோ பார்த்த முகமாக இருந்தது. வரிசைக்கு வரிசை எதிரும் புதிரும். தட்டை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். முட்கள் தடுமாறி ஆடி நின்றன. நடுவில் நாலு முட்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து வட்டமாகக் கிடந்தன.

"எம்மா, இதுல புரோகிராமே கெடையாதே!"

அன்னக்கொடிக்குப் பேசாத விரதம் மறந்துவிட்டது. "என்னடி ஒளறுற?"

"பழுதில்லம்மா. முன்னாடி இருக்குறவனோட ஒத்துப்போனா பக்கத்துல இருக்குறவனோட முட்டிக்குது. எல்லார்ட்டயும் நல்ல பேரு வாங்க முடியாது. முடிஞ்ச மட்டும் சமாளிச்சு நிக்குது." ஒரு திசைகாட்டியை எடுத்துத் தள்ளி வைத்தாள். முள் சாவகாசமாகத் திரும்பி வடக்கைக் காட்டியது.

மடிக்கணினியைத் திறந்தாள். இத்தனை நாளும் படத்திலேயே கண்ணாக இருந்தவள், அதன் கீழே வந்திருந்த ஆற்றல் அளவுகளை ஒப்பிட்டதே இல்லை. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். ஆற்றல் மிகக் குறைந்த கோலத்தில்தான் காந்தங்கள் அடங்கும்; இரண்டுக்கும் அது கடைசி இலக்கம் வரை ஒன்றே. அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"அப்ப நீ சொன்ன ரெண்டு விடையும் சரியா?"

"சரின்னுதான் தோணுது. ஏன்னு நிரூபிக்கணும். எங்க புரொபசரு ஒத்துக்குவாரான்னு தெரியல."

"பெறகு இங்கன என்ன சோலி ஒனக்கு? மதியப் பஸ்ஸு போயிரும், வெரசாக் கெளம்பு."

பாதிச் சாவிக்கொத்துகளைத் தட்டோடு மகளுக்குக் கொடுத்துவிட்டு, அன்னக்கொடி குல்லாக்களை ஒதுக்கி, மீதியை ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வைத்தாள்.

பெருமாள்மலைக்குக் கீழே இறங்கிய மதுரைப் பஸ்ஸின் சன்னலை மேகம் மூடியிருந்தது. தமிழ்மதி மடியில் தட்டு. கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒடித்துத் திரும்ப, முட்கள் எல்லாம் கலைந்து நடுங்கின. அவள் கையால் மறைக்கவில்லை. அவை புதிதாக ஏதோ ஒரு கோலத்தில் அடங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அடுத்த வளைவுக்காகத் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.