ஒன்றாம் பார்ட்

பன்னெண்டு வருஷமா யூபோனியம்ங்கிற பெரிய பித்தளைக் குழல் ஊதுறேன். எனக்கு வாய்ச்சது "பூம்... பூம்" மட்டும்தான். பகல்ல சாலை பஜார் அரிசிக்கடை, கல்யாண சீசன்ல பேண்டு செட். பாட்டு பூரா வன்னியபெருமாள் மாஸ்டரோட கிளாரினெட்டுக்கு. ஊர்வலம் பார்க்க வர்ற எம் பொண்டாட்டி பொன்செல்வி, "நீங்க வாசிச்சது எதுங்க? எனக்குக் கேக்கவே இல்லியே"ம்பா. குத்திக்காட்டல, நெசமாத்தான் கேப்பா. அதுதான் எனக்குப் பொறுக்காது.

இந்தத் தொண்ணூத்தெட்டு மார்ச்ல, மலையாளத்துக்காரர், கிளப் செக்ரட்டரி ஹரிகுமார் சார் வெளிநாட்டு இசைத்தாள் கட்டோட எங்களைத் தேடி வந்தார். வசந்த விழாவாம். பனி உருகி மொட்டு விடுற பாட்டாம். வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது, இந்த ஊர்ல என்னிக்கு வே பனி உருகுச்சு? ஆனா அவர் சொன்ன ஒண்ணு எனக்கு இனிச்சுது.

"சின்ன பேண்டுக்குன்னே எழுதினது, கேட்டோ. அஞ்சு பார்ட். எந்தப் பார்ட்டையும் எந்தக் கருவியும் வாசிக்கலாம்."

"அப்ப சீட்டுக் குலுக்குவோம்"னேன். மாஸ்டர் சிரிச்சார்.

ஒன்றாம் பார்ட் எனக்கு வந்துது! தாள்ல கோடு போட்டுக் கட்டம் கட்டமா பிரிச்சிருக்கும்; முதல் பதினாறு கட்டம் அஞ்சு பேரும் சேர்ந்து. அப்புறம் மத்தவங்க சும்மா இருக்க, நான் மட்டும் தனியா. மாஸ்டருக்கு அஞ்சாம் பார்ட், என்னோட பழைய பூம் பூம். மனுசன் முகம் சுண்டிப்போச்சு. "இதுக்கு ஒத்திகை வேற வேணுமாலே?"ன்னு எழுந்து போனவர்தான், ஒத்திகைக்கு ஒரு நாளும் வரல.

நாங்க நாலு பேரும் அரிசி மூட்டை மேல உக்காந்து பழகினோம். டிரம்பெட் தாசையன் சர்ச்ல மியூசிக் படிச்சவன். அவன் தாளைப் பார்த்து ஊதிக்காட்ட, நாங்க காதால பிடிச்சுக்கிட்டோம். "அன்னிக்கு வந்து கேளு, நான் மட்டும்தான் ஊதுவேன்"னு பொன்செல்விகிட்ட சொன்னேன். அவ கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்து வெயில்ல காயப்போட்டா.

எங்க பேண்டுல ஒரே சட்டம்தான். மாஸ்டர் வாயிலேர்ந்து கிளாரினெட்டை எடுத்தா அந்த நொடியே எல்லாரும் நிறுத்தணும். எதிர்ல சாவு வரும், ஆஸ்பத்திரி வாசல் வரும், யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது.

விழாவுல பொன்செல்வி முதல் வரிசை. மாஸ்டர் நேரா மேடைக்கே வந்து, தாளை விரிச்சு வச்சுக்கிட்டு நின்னார். பதினாறு கட்டமும் அருமையா போச்சு. பதினேழாவதுக்கு மூச்சை இழுத்துட்டேன். மாஸ்டர், தாள்ல போட்டிருந்தபடியே ஒழுங்கா, கிளாரினெட்டைக் கீழ இறக்கினார்.

நான் நிறுத்திட்டேன்.

"ஊதுலே, உன் கட்டம்லா!"ன்னு மாஸ்டர் பல்லைக் கடிக்கார். ஐயோ, எனக்கா தெரியாது? மனசு ஊதுங்குது, உதடு கேக்கல. கிளாரினெட் இன்னும் கீழதானே இருக்கு! அதுக்குள்ள கூட்டம் கைதட்டிடுச்சு. ஹரிகுமார் சார் மைக்கைப் பிடிச்சு, "வசந்தம் இத்தனை குறுகினதுன்னு சொல்லாம சொல்லிட்டாங்க. அடிபொளி!"ன்னார். மாஸ்டர் கும்பிட்டார். வேற வழி? நானும் கும்பிட்டேன்.

கரமனை பஸ்ல பொன்செல்வி மெதுவா கேட்டா: "நீங்க தனியா வாசிக்கதுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சேங்க?"

"மாஸ்டர் நிறுத்திட்டாரு"ன்னேன்.

"பாவி மனுசன், உங்களை ஒரு நாளாவது வாசிக்க விட்டாரா!"ன்னு ஆரம்பிச்சவ, இறங்குற வரைக்கும் அவரை வைஞ்சா. பன்னெண்டு வருஷத்துல அன்னிக்குத்தான் அந்த மனுசன் எனக்காக ஒதுங்கி நின்னார். நான் என்னடான்னா, அவ வைய வைய ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டு வந்தேன்.