திருவிழா லீவில் ஊறிய சுக்கான்

ஆரப்பாளையத்தில் லாரிக்குப் பாடி கட்டுகிற அந்தப் பட்டறையில், மரத்தைப் பற்றி யார் எது கேட்டாலும் முதலாளி மரியராஜ் நிமிர்ந்து பார்க்காமலே ஒரு பதில் சொல்வார்: "காசிமாயனைக் கேளு." சம்பளம் முன்னே பின்னே வந்தாலும் அந்த வார்த்தை மட்டும் மூத்த தச்சர் காசிமாயனுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசியில் வெள்ளைத்துரை வேலைக்கு வந்தான். அதுவரை சிம்மக்கல்லில் கதவு, சன்னல் செய்துகொண்டிருந்தவன். வயது முப்பதுகூட இருக்காது. அவன் இழைத்த பலகை கண்ணாடி மாதிரி வழுக்குகிறது என்று பட்டறையில் பேச்சு. காசிமாயனும் ஒருநாள் தடவிப் பார்த்தார். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் தடவினார்.

பங்குனிக் கடைசியில் ஒரு உப்பு லாரியில், படகைத் திருப்புகிற அந்தச் சுக்கான் வந்து இறங்கியது. அனுப்பியவர் மரியராஜின் மைத்துனர், தூத்துக்குடி வக்கீல் லூர்துராஜ். வெள்ளைக்காரன் காலத்துப் பாய்மரப் படகு ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்தார். அதன் சுக்கானில் பாதிப் பலகையைக் கடல் புழு தின்றுவிட்டது. மாட்டுகிற இரும்புக் கொண்டிகளும் தேய்ந்துபோயிருந்தன. அங்கே தோணி வேலைக்காரர்களுக்குக் கை ஓயவில்லை என்பதால் மைத்துனரின் பட்டறைக்கு ஏற்றிவிட்டார். கூடவே, சுக்கான் தொங்குகிற படகின் பின்கட்டை அளவுக்கு ஒரு மாதிரிக் கட்டையையும் வளையம் அடித்து அனுப்பியிருந்தார். சுக்கானை அதில் மாட்டித் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

எதிர் டீக்கடை முத்திருளன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "வைகையில கப்பல் விடப் போறீகளாக்கும்? மொதல்ல தண்ணி விடச் சொல்லுங்கப்பா," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். காசிமாயனும் சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி முன்னே வந்தார். இதை யார் பார்ப்பது என்று ஒருவன் கேட்க, மரியராஜ் வழக்கம்போல நிமிராமலே சொன்னார்:

"வெள்ளைத்துரையைக் கேளு."

காசிமாயனுக்கு உளி நழுவி விரலில் இறங்கியது போலிருந்தது.

கொண்டிகளை லேத்தில் கடைந்து வாங்கினார்கள். புழு அரித்த பலகையை எடுத்துவிட்டு வெள்ளைத்துரை புதுத் தேக்கு சேர்த்தான். முடித்து மாதிரிக் கட்டையில் மாட்டியபோது, சுக்கானுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு பீடி இலை நுழையாது. ஒரு விரலால் தள்ளினால் கோயில் கதவு போலச் சத்தமில்லாமல் திரும்பியது. மரியராஜ் இரண்டு தரம் தள்ளிப் பார்த்துவிட்டு, அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். காசிமாயன் முதுகில் அவர் தட்டியதே கிடையாது.

ஆனால் அந்த நெருக்கத்தைப் பார்த்ததுமே காசிமாயனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சித்திரை வெயிலில் மதுரையில் மரம் அப்பளமாய்க் காய்ந்து கிடக்கும். இப்போது இறுக்கிச் செய்த கதவு, ஐப்பசி மழைக்கு உப்பிக்கொண்டு மூட மாட்டேன் என்னும். நாலு மழைக்கே அப்படி என்றால், இரவும் பகலும் கடலுக்குள் நிற்கிற பலகை என்ன ஆகும்? உப்பிப் பின்கட்டையில் முட்டும். படகு திரும்பாது.

நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தனியாகச் சொன்னால் அவன் ரெண்டு இழைப்பு இழைத்துச் சரிசெய்துவிடுவான், பேரும் அவனுக்கே போகும். எல்லாரும் பார்க்கத் தெரியட்டும் என்று காசிமாயன் வாயை மூடிக்கொண்டார்.

திருவிழாவுக்குப் பட்டறை லீவு. சாவி காசிமாயனிடம்தான் இருக்கும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம் போய், சுக்கானைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, மேலே கல்லை ஏற்றி வைத்தார். மறுநாள் ஊரே ஆற்றுக்குப் போனது. இவர் பட்டறைக்குக் கிளம்பினார்.

"அழகரு ஆத்துல எறங்குறாரு. நீங்க கட்டையக் கும்பிடப் போறீகளா?" என்றாள் மனைவி சீனியம்மாள்.

அவர் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். ஆற்றிலிருந்து கோவிந்தா சத்தம் எழும்பி வந்தபோது காசிமாயன் தொட்டிக்குள் கைவிட்டுப் பலகையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து பட்டறை திறந்த அன்று வக்கீல் வந்தார். காசிமாயன் ஈரச் சுக்கானைத் தூக்கி வந்து மாதிரிக் கட்டையில் மாட்டினார்.

"தம்பி, சாருக்குக் கொஞ்சம் திருப்பிக் காட்டுப்பா."

வெள்ளைத்துரை தள்ளினான். கால்வாசி திரும்பிக் கிறீச்சென்று நின்றது. தோள் கொடுத்துத் தள்ளினான். அசையவில்லை.

"தண்ணிக்குள்ள நிக்கிற சாமானுக்குக் கதவு செஞ்சு வச்சிருக்கான்," என்றார் காசிமாயன், எல்லார் காதிலும் விழும்படி. பிறகு அவன் முகம் விழுவதற்காகக் காத்திருந்தார்.

வெள்ளைத்துரை குனிந்து, மரம் உரசிப் பளபளத்த இடத்தை விரலால் தொட்டான்.

"இப்பிடியே மாட்டியிருந்தா நடுக்கடல்ல ஆளு போயிருக்கும். எனக்குத் தோணவே இல்லண்ணே. திருவிழாவக்கூட விட்டுட்டு வந்து ஊறப் போட்டிருக்கீகளே."

காசிமாயன் அந்தப் பேச்சில் குத்தலைத் தேடினார். ஒரு துளி இருந்தாலும் போதும், அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டிவிடுவார். ஒன்றும் அகப்படவில்லை. வக்கீல், தப்பை ஒத்துக்கொள்கிற வேலைக்காரனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று மைத்துனரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, எம்புட்டு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டார். மரியராஜ் வாயைத் திறப்பதற்குள் வெள்ளைத்துரை முந்திக்கொண்டான்.

"காசிமாயண்ணனைக் கேளுங்க."

இத்தனை நாள் காது குளிரக் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அது அந்த வாயிலிருந்தா வர வேண்டும்!

"ஒரு கால் ரூவாக் காசு கனம்," என்றார் காசிமாயன். "உப்பின ஈரத்தோடயே எழைக்கணும்."

ஈர மரம் இழைப்புளிக்குச் சுலபத்தில் மசியாது, பிய்த்துக்கொண்டு வரும். காசிமாயன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, வெள்ளைத்துரை உளியைத் தீட்டிப் பொருத்திக்கொண்டு நிதானமாக இழுத்தான். சீவிய மரச் சுருள் அறுபடாமல் மேல்முனை முதல் கீழ்முனை வரை ஒரே இழையாக வந்து விழுந்தது. வக்கீல் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். காசிமாயன் வேறு பக்கம் பார்த்தார்.

மாலையில் சுக்கான் இலேசாகத் திரும்பியது. லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். வெள்ளைத்துரை, "வாரேண்ணே," என்று சைக்கிளில் ஏறினான். காசிமாயன் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். ஓடிவந்த தண்ணீரில் ஒரு சுருள் காலில் ஒட்டிக்கொண்டது. உதறினார், போகவில்லை. குனிந்து எடுத்தார்.

பட்டறையில் யாரும் இல்லை என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, கடைசி வரை உருவிப் பார்த்தார்.