ஜூலையில் பிறக்கும் ஆண்டு

பெரியப்பாவுக்கு ஆண்டு ஜூலை ஒன்றாம் தேதி பிறக்கிறது. பதவிகள் அன்றுதான் கைமாறும், அன்புக்கரம் சேவைச் சங்கத்தின் வழக்கம் அப்படி. எங்கோ ஒரு குட்டி தேசம் இருந்து, அதற்கென்று தனிப் பருவங்களும் தனிக் கொடியும் இருந்தால், அதன் குடிமக்கள் இவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு. எல்லோர் பெயருக்கும் முன்னால் 'அன்பர்'. சந்தவாசலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் பெரியப்பா அங்கே அன்பர் சின்னப்பராஜ். இந்த ஜூலையில் பதினோரு ஊர்ச் சங்கங்களுக்கு மண்டலத் தலைவர்.

ஏப்ரலிலிருந்தே தயாராகிக்கொண்டிருந்தார். வயிறு ஒரு நிலையில் நில்லாததால் தையல்காரர் கோட்டுக்கு இரண்டு முறை அளவெடுத்தார். தலைவரின் பதக்கப் பட்டை இன்னும் கைக்கு வராததால், பெரியம்மாவின் பூத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தார். பதவியேற்பு உரையை எழுதும் வேலை, கல்லூரி முடித்துச் சும்மா இருந்த எனக்கு.

"ஏழைன்ற வார்த்தை எட்டு எடத்துலயாவது வரணும் ஷைலா. கைத்தட்டு அங்கதான் வுழும்."

இதெல்லாம் சில்லறைத் தயாரிப்பு. பெரிய தயாரிப்பு, நல்ல காரியம் எதையும் ஜூலைக்கு முன்னால் நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வது. ஏப்ரலில் ஜமுனாமரத்தூர் பக்கம் சங்கம் நடத்திய கண் முகாமில் முப்பத்திரண்டு பேருக்குப் புரை இருந்தது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி இலவசமாக அறுவை செய்யக் காத்திருந்தது. சங்கம் செய்ய வேண்டியது வேன் அனுப்புவது மட்டும். பட்டியல் பெரியப்பாவின் மேசை இழுப்பறையில் இருந்தது. மே மாதம் அனுப்பினால் அந்த முப்பத்திரண்டும் இப்போதைய மண்டலத் தலைவர் பாண்டுரங்கனின் ஆண்டில் சேர்ந்துவிடும். அதனால் மலைமேல் முப்பத்திரண்டு பேர் மங்கலாகவே இருக்க வேண்டியிருந்தது.

பட்டியலில் ஒன்பதாவது பெயர் பாஞ்சாலி. மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சத்துணவு சமைக்கிறவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை, இரண்டு கண்ணிலும் புரை. மார்ச்சில் சோற்றில் கல் கிடந்து ஒரு குழந்தையின் பல் உடைந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கண்ணைச் சரி செய்யாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். முகாமில் பட்டியலைத் தட்டச்சு செய்தபோது அவரிடம் என் எண்ணைக் கொடுத்திருந்தேன். வாரம் தவறாமல் கூப்பிட்டார்.

"வேன் எப்பம்மா வருது? டீச்சரு கேட்டுனே கீறாங்க."

"வந்துடும்க்கா" என்று நானும் வாரம் தவறாமல் சொன்னேன். அந்த தேசத்தின் பாஷை எனக்கும் வந்துவிட்டது.

மே நடுவில் பெரியப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். "அவங்க ஒருத்தரையாவது அனுப்பலாமே பெரியப்பா?"

"ஒருத்தர அனுப்பிச்சா முப்பத்தொண்ணு ஆயிடும். அழைப்பிதழ்ல முப்பத்திரண்டுன்னு அடிச்சாச்சு."

"அந்தம்மாவுக்கு வேலை போயிடும்."

"போனா இன்னா? நம்ம வருஷத்துல தையல் மிஷின் தர்றோம் இல்ல, அவங்களுக்கு ஒண்ணு எழுதிக்கோ."

"கண்ணு தெரியாதவங்களுக்குத் தையல் மிஷினா?" என்றாள் மெர்சிலின் பெரியம்மா உள்ளிருந்து. "ஊசி எங்க குத்தும்னு நெனச்சியா?"

பெரியப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை பட்டியலைப் படமெடுத்துப் பாண்டுரங்கனுக்கு அனுப்பினேன், அவர் நல்லவர் என்று நினைத்து அல்ல. இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டார்.

"சின்னப்பராஜு இத்த மூடி வெச்சினு கீறாரா? அடடா! நம்ம வருஷம் இன்னும் நாப்பது நாளு கீதேம்மா!"

மூன்றாம் நாள் இரண்டு வேன்கள் மலையேறின. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பேனரில் பாண்டுரங்கன் கைகூப்பிக்கொண்டிருந்தார். அந்த வாரமே சங்கத்தின் வாட்ஸப் குழுவில் படம் வந்தது. வரிசையாக முப்பத்திரண்டு கறுப்புக் கண்ணாடிகள், நடுவில் வெறும் கண்ணோடு சிரிக்கும் ஓர் ஆள்.

பெரியப்பா இட்லியைப் பிட்ட கையோடு எழுந்துவிட்டார். "மொத்த பேரையும் தூக்கினு போய்ட்டான்!"

ஏதோ கடத்தல் நடந்ததுபோல இருந்தது அவர் குரல். "பட்டியலை நான்தான் அனுப்பினேன்" என்றேன். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அழைப்பிதழ்க் கட்டை மட்டும் அவ்வப்போது பிரித்துப் பார்த்து மூடினார்.

ஜூன் நடுவில் ஒரு காலை அவராகவே என் அறைக்கு வந்தார். கையில் பட்டியல், முகத்தில் வெளிச்சம்.

"ஆளுக்கு ஒரு கண்ணுதானே பண்ணாங்க? ரெண்டுலயும் புரைன்னு இருவத்தாறு பேருக்கு எழுதிக்கீது. இன்னொரு கண்ணு நம்ம வருஷத்துல! அந்த சமையக்காரம்மாவுக்கு மொதல்ல போன் போடு. மேடையில அவங்கதான் பேசணும்."

ஸ்பீக்கரில் போட்டேன். பாத்திரச் சத்தமும் பிள்ளைகளின் இரைச்சலும் கேட்டன. பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் தங்கையை அடுப்படியில் நிற்க வைத்திருந்தார் பாஞ்சாலி. இப்போது அவரே நிற்கிறார்.

"அரிசி பொறுக்கினு கீறேன் ஷைலாம்மா. கல்லு நல்லா தெரியுது. நேத்து புழுகூட தெரிஞ்சுது."

பெரியப்பா முந்திக்கொண்டார். "அம்மா, ஒண்ணாந்தேதி வேன் அனுப்பறோம். இன்னொரு கண்ணையும் பண்ணிடலாம்."

"ஒண்ணாந்தேதி இன்னா கெழமைங்க?"

"புதன்."

"ஆவாதுங்க. அறுவது முட்டை உரிக்கணும், ஆளு இல்ல."

"எங்க சங்கத்து ஆளுநரே வர்றாரும்மா!"

"வரட்டுங்க. பசங்களுக்கு ஆக்கறதுல ரெண்டு கரண்டி சேத்து ஆக்கறேன், சாப்ட்டு போவட்டும். கண்ணுக்கு நான் காலாண்டு லீவுல வர்றேன்."

பெரியப்பா போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் கேட்டார். "செப்டம்பர் நம்ம வருஷந்தானே?"

"ஆமாம்."

முகம் தெளிந்தது. ஆனாலும் மேடை காலியாக இருக்குமே என்ற கவலை விடவில்லை. கையை எடுக்காமலே குரலைத் தாழ்த்தினார். "விழாவுக்கு மட்டும், கண்ணுல சும்மா ஒரு பச்சைத் துணி கட்டினு வந்து குந்துவாங்களான்னு கேளு."

அவர் கை மூடியிருந்தது போனின் திரையை. ஒலி போகும் இடத்தை அல்ல.

"வெக்கிறேன் ஷைலாம்மா" என்றார் பாஞ்சாலி. "சாம்பாரு பொங்குது."