மாப்பிள்ளை போட்ட முட்டை

தையல்காரியின் முன்னறையில் மிஷினை ஒட்டி ஒரு மீன் தொட்டி. அதில் இரண்டே இரண்டு ஏஞ்சல் மீன்கள். ஜோடிதான் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணிக் கொடுத்தவை. பெரியதற்கு மாப்பிள்ளை என்றும் சின்னதற்குப் பொண்ணு என்றும் பெயர் வைத்தாள். நான்கு முறை முட்டையும் ஆயிற்று. நான்கு முறையும் மூன்றாம் நாள் எல்லாம் வெளுத்துக் கெட்டுப்போயின.

மாடியில் குடியிருக்கும் நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்குமா? "உனக்குத் துணி தைக்கத்தான் கைராசி. மீனுக்கு இல்ல. நீ தண்ணிய மாத்தி மாத்தியே முட்டையக் கொல்ற."

புருஷனும் ஒத்து ஊதினார். "இந்தத் தடவையும் குஞ்சு வரலைன்னா தொட்டியக் குடுத்துடலாம். காலை நீட்ட இடமில்ல."

"சரிங்க" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். நாளெல்லாம் ஊசியைப் பார்த்துப் பூத்துப்போகும் கண்ணுக்கு அந்தத் தொட்டி ஒன்றுதான் ஆறுதல்.

ஐந்தாம் முறை தைக்கிறதை ஏறக்கட்டிவிட்டுத் தொட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பொண்ணு தொட்டிச் செடியின் அகல இலையில் வரிசையாக முட்டை ஒட்டிக்கொண்டு போயிற்று. பின்னாலேயே மாப்பிள்ளை. அவர் போன வழியிலும் புதிதாக ஒரு வரிசை முட்டை! குனிந்து பார்த்தாள். இரண்டின் வயிற்றடியிலும் முட்டை வரும் குழாய் ஒரே மாதிரி தடியாக, மழுங்கலாக இருந்தது.

"ஏங்க! மாப்பிள்ளை முட்டை போடுறாரு!"

புருஷன் ஓடிவந்தார். நாத்தனாரும் படியிறங்கி வந்து மூக்கைக் கண்ணாடியில் அழுத்தினாள். "அப்ப ரெண்டுமே பொட்டையா?"

"ஆமா அண்ணி. ஆம்பளையே இல்லாம குஞ்சு எப்படிப் பொறக்கும்? என் கைமேல பழி போட்டீங்களே! இந்தத் தடவை கணக்குலயே சேராது."

புருஷனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, இன்னும் ஒரே ஒரு தடவை."

மாப்பிள்ளையை வாளியில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். "பெரிசா இருந்தா ஆண்தாம்மா" என்று கடைக்காரர் மறுபடி ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நானே பாத்துக்கறேன்."

ஒரு மணி நேரம் நின்றாள். ஒரு சின்ன மீன் மூலையைச் சுத்தம் பண்ணி, மற்றவற்றை விரட்டிக்கொண்டிருந்தது. அதன் குழாய் பொண்ணுக்கு மாதிரி தடியாக இல்லை; மெல்லிசாக, ஊசி முனை மாதிரி. அப்படியானால் இதுதான் ஆண். மாப்பிள்ளையைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிவந்தாள்.

"இந்தப் பொடிசா?" என்றாள் நாத்தனார். பொண்ணுக்கும் அதே எண்ணம்தான் போலிருக்கிறது; வந்த அன்றே புதியவனின் வாலைக் கிழித்துவிட்டது. தையல்காரி நடுவில் கண்ணாடித் தகடு ஒன்றைச் செருகினாள். பத்து நாளில் இரண்டும் தகட்டின் இரு பக்கமும் ஒட்டி நிற்க ஆரம்பித்தன. தகட்டை எடுத்தாள். மறு வாரமே இலை நிறைய முட்டை.

மூன்றாம் நாள் காலை தொட்டிப் பக்கம் திரும்பவே அவளுக்குத் தைரியம் வரவில்லை. அடுப்படியிலேயே நின்றாள்.

முன்னறையிலிருந்து நாத்தனாரின் கூச்சல் கேட்டது. "அடியே, ஓடி வா! வெள்ளையே இல்லடி! வால் ஆடுது, எல்லாத்துக்கும் வால் ஆடுது!"

வந்து பார்த்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் குஞ்சுகள் இலையை விட்டுக் கூட்டமாய் எழும்பி நீந்தின. பொடிசும் பொண்ணும் ஆளுக்கொரு பக்கம் காவல். துணி கொடுக்க வந்தவர்களையெல்லாம் நாத்தனாரே இழுத்துவந்து காட்டினாள். "எங்க வீட்டு மருமக கண்டுபிடிச்சது. கடைக்காரனுக்கே தெரியல!"

புருஷன் டேப்பை எடுத்து எதிர்ச்சுவரை அளந்தார்.

"குஞ்சுங்க வளந்தா இடம் பத்தாதே. இன்னொரு தொட்டிக்கு எத்தனை அடி வேணும்?"

"ரெண்டு தொட்டிக்கு அளங்க" என்றாள் தையல்காரி.