மேசை தட்டும் வகுப்பு

ஆரிஃபா டீச்சரின் எட்டாம் வகுப்பில் சத்தம் இல்லாத நாளே கிடையாது. பெரிய கடைவீதியின் இரைச்சல் ஜன்னல் வழியே உள்ளே வந்தால், வகுப்பின் இரைச்சல் அதே ஜன்னல் வழியே வெளியே போகும். தலைமையாசிரியை அமலராணிக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. ஊசி விழுந்தாலும் கேட்க வேண்டும், அதுதான் வகுப்பு என்பது அவர் கட்சி.

சத்தத்துக்குக் காரணம் மேசை தட்டுவது. காலையில் மதரஸாவுக்குப் போய் ஓதிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இது பழகிய விஷயம். ஓதும்போது தப்பு வந்தால் அங்கே ஓதிக்கொடுக்கும் ஆலிமா திட்டமாட்டார், திருத்தவும் மாட்டார். முன்னாலிருக்கும் ஓதும் பலகையில் விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். பிள்ளை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய், தன் தப்பைத் தானே பிடித்துத் திருத்தி ஓதும். அப்படியே ஓதி வளர்ந்த ஆரிஃபா, அதை அறிவியல் வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒருத்தி பாடம் சொல்வாள், பக்கத்தில் இருப்பவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுத் தட்டுவாள்.

பாடம் நடக்கும்போதே மார்க் போடும் வளரறி மதிப்பீடு என்று அவர் இதைத்தான் சொல்வார். மற்ற வகுப்புகளில் வளரறி மதிப்பீடு என்றால் சார்ட் பேப்பர். கடையில் படம் வாங்கி, அம்மா வெட்டி, அக்கா ஒட்டி, பிள்ளை மார்க் வாங்கும். ஆரிஃபாவுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மார்க் யாருக்கு, பிள்ளைக்கா பசைக்கா?

வம்பு சம்ரீன் ரூபத்தில் வந்தது. வகுப்பிலேயே கூர்மையான காது அவளுக்குத்தான். ஆனால் பேனாவைக் கையில் கொடுத்தால், தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் விரல் நகராது. அரையாண்டுத் தேர்வில் வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அமலராணி அந்தத் தாளோடு வகுப்புக்கே வந்துவிட்டார்.

"திங்கக்கிழமையிலேருந்து இந்தப் பொண்ண மெல்லக் கற்போர் வகுப்புல உக்கார வைங்க டீச்சர். மொதல்லேருந்து கத்துக்கட்டும்."

"அவளுக்குப் பாடம் தெரியும் மேடம். வாயால கேட்டுப் பாருங்க."

"சரி. இதயத்தப் பத்திச் சொல்லும்மா."

சம்ரீன் எழுந்தாள். தரையைப் பார்த்தபடி நின்றாள். எழுதும்போது வரும் அதே பயத்தில் வாயே திறக்கவில்லை. மெல்லக் கற்போர் வகுப்பில் போய் உட்கார்ந்தால் இந்தப் பெண் இனி எப்போதுமே பேசமாட்டாள் என்று ஆரிஃபாவுக்குத் தெரியும்.

"பாத்தீங்களா? மேசையத் தட்டிப் படிச்ச லட்சணம்!" அமலராணி ஒரு காலத்தில் அறிவியல் டீச்சர். கோபத்தில் பழைய வேகம் வந்துவிட்டது. "நானே சொல்றேன், கேட்டுக்க. இதயத்துல நாலு அறை. அங்கேருந்து ரத்தத்த வெளிய எடுத்துட்டுப் போறது சிரை..."

டொக்.

அமலராணி சட்டென்று திரும்பினார்.

"யாரு தட்டுனா?"

"நான்தான் மேடம்," என்றாள் சம்ரீன். விரல் தானாகப் போய்விட்டதில் அவளே அரண்டுபோயிருந்தாள்.

"எதுக்கு?"

"எடுத்துட்டுப் போறது தமனி மேடம். சிரை திருப்பிக் கொண்டு வரும்."

அதோடு அவள் நிறுத்தவில்லை. அறைகள், வால்வுகள், நுரையீரலுக்குப் போய்த் திரும்பும் ரத்தம் என்று போய்க்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில் வலது அறையும் இடது அறையும் மாறிப்போக, பக்கத்திலிருந்த அல்ஷிஃபா தட்டினாள். சம்ரீன் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்ச் சரியாகச் சொன்னாள். தப்பு செய்துவிட்டுச் சிரித்த அந்தப் பெண்ணைப் பார்த்து ஆரிஃபாவுக்கு அப்படியொரு பெருமை.

அமலராணி கையிலிருந்த வெள்ளைத்தாளை மடித்து ஆரிஃபாவிடம் கொடுத்தார்.

"இவ இங்கயே இருக்கட்டும். மொதல்ல சொல்லட்டும், அப்புறம் சொன்னத எழுதட்டும். எழுத வைக்கிறது உங்க பொறுப்பு."

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அல்ஷிஃபாவை நகரச் சொல்லி, சம்ரீன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான் ஆரம்பத்துலேருந்து சொல்றேன். தப்பு வந்தா தட்டு."

கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வால்வு வரை சொன்னார். சம்ரீனின் விரல் மேசைக்கு மேலேயே தயாராக நின்றது. கடைசிவரை இறங்கவில்லை.

அமலராணி கண்ணைத் திறந்தார். "பாஸா?"

"பாஸ் மேடம்!" என்றாள் சம்ரீன், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.