தெற்குச் சுவரின் திரைச்சீலை

ஹசன் அலி தன் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். கருநீலத் துணியொன்றை விரித்துப் பிடித்து, அதன் பின்னால் செல்போன் விளக்கைப் போட்டார். இந்தப் பக்கத்தில் வெளிச்சம் ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை.

"இதுக்கு மேல இருட்டு வேணும்னா கண்ணைத்தாம்மா மூடணும்."

ஹுமைரா துணியைத் தொட்டுப் பார்த்தாள். முன்பக்கம் வெல்வெட்டின் மென்மை. பின்பக்கம் ரப்பர் பூசியதுபோல் குளிர்ந்து கனத்தது. ஆனால் அவளுடைய விரல்கள் பக்கத்தில் கிடந்த மெல்லிய பச்சைத் துணியையே தேடிப் போயின. மின்விசிறிக் காற்றில் அது, ஆழமில்லாத நீரில் பாசி அசைவதுபோல் அசைந்துகொண்டிருந்தது.

"அதத் தொடாதடி," என்று முழங்கையால் இடித்தாள் அக்காள் சஃபா. "ஒம் மாப்பிள்ள கேட்டது இருட்டு. இது கொசுவலை."

"சும்மா பாத்தேன் ராத்தா."

"நீ சும்மா பாத்ததுலதான் தெக்குச் சுவரே காணாமப் போச்சு."

கீழக்கரையில் அவர்களுடைய குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு உரியது. வாப்பா மகளுக்கென்று கட்டிக்கொடுக்கும் வீட்டுக்கு மாப்பிள்ளைதான் வந்து சேர்வான். கடற்கரையை ஒட்டிய அந்த வீட்டில் ஹுமைராவின் கணவன் ஸுஹைர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. மாடியில் ஓர் அறையைத் தவிர. அபுதாபியில் அவன் தங்கியிருந்த அறையில் பகல் ஷிப்ட்டுக்காரர்களும் இரவு ஷிப்ட்டுக்காரர்களும் மாறி மாறி உறங்கினார்கள். விளக்கு அணைவதே இல்லை. "ஜன்னலே வேணாம் ஹுமைரா. பெரிய ஸ்கிரீன், ரெண்டு சோபா. கைய நீட்டுனா கை தெரியக் கூடாது. அம்புட்டுதான்," என்று வீடியோ அழைப்பில் சொல்லியிருந்தான்.

தெற்குச் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்த ஒரு பிற்பகலில், கொத்தனாருக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு அவள் மாடியேறினாள். கடல் அங்கே அப்படியே விரிந்து கிடந்தது. பிறந்ததிலிருந்து அந்த ஊரில் வாழ்ந்தவள், கடலை அதுவரை தெருமுனைகளின் இடுக்குகளில் மட்டுமே துண்டு துண்டாகக் கண்டிருந்தாள். தேநீர் ஆறிப்போகும்வரை நின்றாள். பிறகு, "இதுக்கு மேல கட்டாதீங்க," என்றாள். அவ்வளவுதான். அகலமான ஜன்னல் ஒன்று அங்கே அமைந்தது. ஸுஹைர் அழைக்கும்போதெல்லாம் அவள் அதற்கு முதுகு காட்டாமல், அதன் பக்கமே செல்போனைத் திருப்பாமல் பேசினாள். அவன் தன் அறையை மூன்று சுவர்களாகவே அறிந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் வருகிறான். சுவர் முழுக்கத் திரைச்சீலை தொங்கவிட்டால் சத்தம் எதிரொலிக்காது என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தாள். அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. திரையைத் திறக்காதவரை அவன் இருட்டுக்குக் குறையில்லை. திறக்காவிட்டால் அவளுக்குக் கடல் இல்லை.

"கருநீலத்தையே வெட்டுங்க," என்றாள் ஹுமைரா.

தைத்ததைக் கொண்டுவந்து மாட்டியவள் கடையின் தையல்காரி முருகேஸ்வரி. ஏணியில் நின்றபடி இரும்புக் கம்பியில் வளையங்களை ஒவ்வொன்றாகக் கோத்தவள், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"போச்சு தாயி. வளையத்துக்கு ஓட்டை போடுறப்ப குத்தூசிய எடம் மாத்திக் குத்திட்டேன் போல. பாருங்க, நட்டநடுவுல ஓட்டை. பாசிப்பயறு போகும். கழட்டிக் கொண்டு போயி ஒட்டுப் போட்டுத் தாரேன்."

"இருக்கட்டும்க்கா. மொதல்ல மூடிப் பாப்போம்."

முருகேஸ்வரி திரையை இழுத்து மூடினாள். ஏணியை எடுத்துக்கொண்டு அவள் கீழே இறங்கிப் போனதும், ஹுமைரா கதவையும் சாத்தினாள்.

முதலில் ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்திருக்கிறோமா என்பதே தெரியாத இருட்டு. அதற்குள் நிற்க நிற்க, அலையின் ஓசை அருகே வந்தது. வெளிச்சத்தில் இத்தனை நாளும் அவள் கேட்டிராத ஓசை. இதற்காகத்தான் அவன் இருட்டைக் கேட்டானா என்று நினைத்தாள். பிறகு, எதிர்ச்சுவரின் வெண்திரையில் ஏதோ ஒன்று மெல்ல ஊறி வந்தது. மேலே மங்கலான நீலம், கீழே வெண்மை. அந்த நீலத்தில், தலைகீழாக, ஒரு வள்ளம் தவழ்ந்துகொண்டிருந்தது.

ஓட்டையின் வழியே கடல் முழுவதும் உள்ளே வந்து கவிழ்ந்து கிடந்தது. வானம் தரையில், தண்ணீர் கூரையில். வள்ளத்திலிருந்த மனிதர் தலைகீழாகக் குனிந்து வலையை இழுத்தார். ஒரு நாரை அவளுடைய முழங்கால் உயரத்தில் மல்லாந்து பறந்தது. சோபாவில் அமர்ந்தவள் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகே எழுந்தாள்.

ஒட்டுப் போட அவள் ஆளனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகையும் விருந்தும் முடிந்த பிறகு ஸுஹைர் அவளோடு மாடியேறினான். முடி நெற்றியிலிருந்து பின்வாங்கியிருந்தது. "பேசாத, ஒண்ணும் போடாத, மொதல்ல இருட்டப் பாக்கணும்," என்று சிறுபிள்ளைபோல் சொல்லிக் கதவைச் சாத்தினான். சோபாவில் சாய்ந்தான். சற்று நேரம் கழித்து, "புரொஜெக்டர் ஓடுதா?" என்றான்.

"இல்ல மச்சான்."

"அப்ப அது என்ன? படகு மாதிரி..."

அவன் எழுந்து, தடவித் தடவித் தெற்குப் பக்கம் போனான். துணியைத் தட்டினான், பின்னால் கண்ணாடி ஒலித்தது.

"இங்கன சுவருதான இருக்கணும்?"

"ஜன்னல் வச்சிட்டேன்."

"எப்ப?"

"கட்டுறப்பவே."

"ஒருநாள்கூடக் காட்டலையே ஹுமைரா."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லித்தான் இருப்பேன்." குரலில் கோபமில்லை, அதுதான் அவளைச் சுட்டது. "இந்த வீட்டுல நான் கேட்டது இது ஒண்ணுதான்."

அவன் விரலை ஓட்டையின் மேல் வைத்திருக்க வேண்டும். கடல் அணைந்தது. அந்த முழு இருட்டில் ஹுமைரா சோபாவைத் தடவி அமர்ந்தாள்.

"சரி, இப்படி வச்சுக்குவோம்," என்றான் ஸுஹைர், யாருக்கோ வழக்குத் தீர்த்துவைப்பவன்போல. "நான் ஊருல இருக்கிற வரைக்கும் மூடியே கெடக்கட்டும். நான் ஃபிளைட் ஏறுனதும் நீ தொறந்துக்க."

நியாயமான பங்கீடுதான். ஹுமைரா அதற்குத் தலையசைக்கப் போனாள். அப்போது அதன் மறுபாதி அவளுக்கு உறைத்தது: இனி, கடல் வேண்டுமென்று நினைக்கும்போதெல்லாம் இவன் போகவேண்டுமென்று நினைத்ததாகிவிடும்.

"அப்ப தொறக்கவே வேணாம்," என்றாள். "அந்தச் சுவர வேணா எழுப்பிடுங்க. எனக்கு அப்படி ஒரு கடல் வேணாம்."

அவன் அழுகிறானா, சிரிக்கிறானா என்றுகூடத் தெரியாத இருட்டு. பிறகு வெண்திரையில் நீலம் மெதுவாகத் திரும்பி வந்தது. அவன் தடுமாறி வந்து அவளருகே அமர்ந்தான். கால் மேசையில் இடித்துக்கொண்டது.

"அல்லா... யாரு இத நடுவுல போட்டது?"

"நீங்கதான் அனுப்புனீங்க, கார்கோவுல."

"அந்தா போறது யாரு வள்ளம்?"

"தெரியல மச்சான். கவுந்து கெடந்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

அவன் தலையைச் சாய்த்து, இன்னும் சாய்த்து, அதை நேராக்கிப் பார்க்க முயன்றான். சாய்ந்த தலை அவள் தோளில் வந்து நின்றது. அவன் உறங்கிவிட்டான் என்பதை மூச்சின் நீளத்தால் அவள் அறிந்தாள். தோள் மரத்துப்போகும்வரை அசையாமல் இருந்தாள். வெண்திரையின் விளிம்புவரை சென்ற வள்ளம் சுவருக்குள் நுழைந்து மறைந்தது.