பைய அனுப்புதேன்

சென்னைக்காரன் 'பைய' என்று சொன்னால் கையில் தூக்குகிற பையை. தெற்கத்தி ஆட்கள் நாங்கள் 'பைய' என்று சொன்னால் மெதுவாக. இந்த ஒரு சொல்லால்தான் என் வீட்டுக்காரர் ஜெர்வினுக்கு வேலை போனது.

கங்கைகொண்டானில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் பேக்கிங் சூப்பர்வைசர். அதுவரை லாரியில் ஓசூருக்கும் சென்னைக்கும்தான் சரக்கு போகும். முதன்முதலாக ஸ்லோவாக்கியாவுக்குக் கப்பலில் அனுப்ப ஆர்டர் வந்தது. கடல் ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளைப் பெட்டிக்குள் போட வேண்டும். அதை விளக்க வேண்டிய அதிகாரி தனசீலன், சென்னையிலிருந்து போனில் சொன்னது இவ்வளவுதான்: "பைய போட்டு மூடுங்க."

இவரும் பையப் போட்டார். தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல ஒவ்வொன்றாக வைத்து, ஆட்களையும் "பைய லே, பைய" என்று அதட்டி மூட வைத்தார். பைகள் ஸ்டோரில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. ஸ்லோவாக்கியாவில் திறந்தபோது அத்தனையும் துரு.

விசாரணையில் இவர் நடந்ததைச் சொன்னார். தனசீலன் எல்லார் முன்னாலும் சிரித்தான். "உனக்குத் தமிழ் புரியலைன்னா நான் என்ன பண்றது?"

அதோடு வேலை போனது. சிப்காட்டில் வேறு ஒருவரும் இவரைச் சேர்க்கவில்லை. இப்போது சேரன்மகாதேவியிலிருந்து வாழைத்தார் ஏற்றி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அந்தச் சொல்லை மட்டும் வாயில் எடுப்பதில்லை. மகள் மாடிப்படி இறங்கும்போது நான் "பைய வாட்டி" என்றால்கூட அவர் முகம் சுண்டிவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். தனசீலன் நாசமாகப் போக வேண்டும் என்று மாதா கோயிலில் வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டக்கூடாதுதான். வேண்டினேன்.

மாதா கேட்டுவிட்டாள். நான் பக்கத்து ஸ்பிரிங் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் ஒரு மதியம் போன் வந்தது. "மேடம், தனசீலன் பேசுறேன்."

வீட்டுக்காரர் போனில் எத்தனையோ தடவை கேட்ட குரல், மறப்பேனா? அவன் இப்போது கார் கதவுப் பூட்டு செய்யும் வேறொரு கம்பெனியில் பெரிய ஆள். துருக்கியிலிருந்து வர வேண்டிய ஸ்பிரிங், செங்கடல் பிரச்சினையில் ஆப்பிரிக்காவைச் சுற்றும் கப்பலில் மாட்டிக்கொண்டது. அதே ஸ்பிரிங் எங்களிடம் இருந்தது.

"நாளைக்குப் பூட்டு போகலைன்னா கார் கம்பெனி லைன் நின்னுடும். என் வேலையே போயிடும் மேடம். ஒரு பை ஸ்பிரிங் போதும். யார் கையிலாவது குடுத்து சாயங்கால பிளைட்ல ஏத்திடுங்க. புனேயிலயும் ஒருத்தன் தரேங்கிறான். அவனுக்கு இப்பவே பதில் சொல்லணும்."

சென்னைக்காரர்களிடம் நான் ஆபீஸ் தமிழில்தான் பேசுவேன். அன்று வேண்டுமென்றே ஊர்த் தமிழை எடுத்தேன்.

"பயப்படாதீங்க சார். பைய அனுப்புதேன்."

"பைய அனுப்பிடுறீங்களா? தெய்வம் மேடம் நீங்க!"

"ஆமா சார். பைய."

அவன் புனேக்காரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். எங்கள் முதலாளி அப்பாத்துரை அண்ணாச்சியிடம் எதில் அனுப்ப என்று மட்டும் கேட்டேன். "புது ஆளுதானே? வழக்கமா போற லாரியிலேயே போட்டுவிடும்மா" என்றார். ஊர் ஊராக நின்று சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் லாரி அது. போட்டுவிட்டேன். ஆபீஸ் போனை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் போனை எடுத்ததும் கத்தினான். "ஏர்போர்ட்ல எந்தப் பையும் வரலை! அங்க லைன் நிக்குது! பைய அனுப்புறேன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன் சார். பையத்தான் அனுப்பியிருக்கேன். லாரி மெதுவா வந்து சேரும். உங்களுக்குத் தமிழ் புரியலைன்னா நான் என்ன செய்ய?"

"நீங்க யாரு?" என்றான்.

"பேக்கிங் ஜெர்வின் பெண்டாட்டி பேசுதேன்."

அந்த வாரமே அவன் சீட்டு கிழிந்தது. பாவம் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் செய்தி வந்த அன்று சாயங்காலம் ஜெர்வின் கையிலிருந்த வாழைக்கறையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். துணியைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி, எதுக்கு இந்த அவசரம்? முதல்ல இருந்து பைய சொல்லு."